ராஜ்தூத் 350: நட்டு போல்ட்டுல எழுதி வச்ச வரலாறு

ஆர்.டி.350ன்னு பேரைச் சொன்னதும் ஒரு கூட்டம் கண்ணு கலங்கும். இன்னொரு கூட்டம் "அது என்ன, புல்லட் மாதிரியா?"ன்னு கேக்கும். ரெண்டு கூட்டத்துக்கும் சேர்த்துதான் இந்தப் பதிவு. கொஞ்சம் ஆயில் வாடை அடிக்கும், பொறுத்துக்கங்க :-)

போன வருஷம் நண்பர் ஒருத்தரோட ஆர்.டி.யை அவர் வீட்டு போர்டிகோவிலேயே முழுசா பிரிச்சு, திரும்ப சேர்த்தோம். வேலை செஞ்சது ஒரு பழைய மெக்கானிக் அண்ணனும் நண்பரும். நான் எடுபிடி. ஸ்பேனர் எடுத்துக் குடுக்கறது, டீ வாங்கிட்டு வர்றது, கேள்வி கேக்கறது. அந்தக் கேள்விகளுக்குக் கிடைச்ச பதில்களும், அதுக்கப்புறம் நான் தேடிப் படிச்சதும் சேர்ந்ததுதான் இது. ஒரு வண்டியை வெளியே நின்னு பார்த்தா அழகு தெரியும். பிரிச்சுப் பார்த்தாத்தான், அதை யார், எந்த நெருக்கடியில, என்ன யோசிச்சு செஞ்சாங்கன்னு தெரியுது.

முதல்ல கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கலாம்.

ஃபரிதாபாத் எஸ்கார்ட்ஸ் கம்பெனி டிராக்டருக்குப் பேர் போனது. 1962லேர்ந்து போலந்து நாட்டு எஸ்.எச்.எல். மோட்டார்சைக்கிளை அடிப்படையா வச்சு ராஜ்தூத் 175 செஞ்சு வித்தாங்க. கிராமத்து ரோட்டுக்கும் பால் கேன் கட்டறதுக்கும் ஏத்த முரட்டு வண்டி. 1973ல் வந்த 'பாபி' படத்துல ரிஷி கபூர் ஓட்டின குட்டி வண்டியும் இவங்களோடதுதான். அந்த கம்பெனி 1983ல் திடீர்னு ஜப்பான் யமஹாவோட உரிமம் வாங்கி ஒரு 350 சிசி வண்டியை இறக்குச்சு. ரெண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், ஆறு கியர். டேங்கில் ராஜ்தூத், இஞ்சின்ல யமஹா.

அது எப்பேர்ப்பட்ட வண்டின்னு புரியணும்னா அன்னிக்கு நம்ம ரோட்டுல என்ன ஓடிட்டிருந்துச்சுன்னு பாக்கணும். திருவொற்றியூர்ல செஞ்ச புல்லட் 350க்கு 18 குதிரை சக்தி. மைசூர்ல செஞ்ச எஸ்டி, அப்புறம் ராஜ்தூத் 175, மீதி ஸ்கூட்டர்கள். இந்தக் கூட்டத்துக்கு நடுவுல 30.5 குதிரை சக்தியோட ஒண்ணு வந்து நின்னா எப்படி இருக்கும்? அண்ணன் ஒரே வரியில சொன்னார்: "தம்பி, அதுவரைக்கும் நாங்க வண்டி ஓட்டினோம். ஆர்.டி. வந்தப்புறம்தான் வண்டி எங்களை ஓட்டுச்சு."

ஆனா இங்கதான் ஒரு வேடிக்கை. யமஹா ஆர்.டி.350 ஜப்பான்ல பொறந்தது 1973ல். அதுக்கு முன்னாடி 1970ல் வந்த ஆர்5ங்கிற வண்டியோட இஞ்சினுக்கு ரீட் வால்வும் ஆறாவது கியரும் சேர்த்து செஞ்சது. அதே குடும்பத்துல பந்தயத்துக்குன்னு பொறந்த அண்ணன் தம்பிதான் டி.இசட்.350. ஜப்பான் ஆர்.டி.க்கு 39 குதிரை சக்தி. 1975லயே அதை நிறுத்திட்டு, 1976ல் ஆர்.டி.400, 1980ல் தண்ணி கூலிங்கோட ஆர்.டி.350 எல்.சி.ன்னு அவங்க போயிட்டே இருந்தாங்க. நமக்கு ராஜ்தூத் 350 வந்த அதே 1983ல், வெளிநாட்டுக் கடைகள்ல எக்சாஸ்ட் போர்ட்டுக்குள்ள பவர் வால்வு வச்ச ஆர்.டி. விற்பனைக்கு வந்தாச்சு. அதாவது நமக்கு வந்தது பத்து வருஷப் பழசு. அந்தப் பழசே இங்க ராக்கெட்டா தெரிஞ்சுச்சு.

39 எப்படி 30.5 ஆச்சு? இதுக்கான பதில் புத்தகத்துல தேட வேண்டாம், சிலிண்டரைக் கழட்டினா கையில கிடைக்கும். டூ ஸ்ட்ரோக்ல வால்வு கிடையாது. சிலிண்டர் சுவத்துல வெட்டின ஜன்னல்கள்தான் எல்லாம். அந்த ஜன்னலோட அகலமும் உயரமும்தான் வண்டியோட குணத்தைத் தீர்மானிக்குது. பெட்ரோல் செலவைக் குறைக்கறதுக்காக சைலன்சரை நெருக்கி, சக்தியைக் குறைச்சுதான் நமக்குக் குடுத்தாங்க. அதுவும் போதலை. மைலேஜ் போதலைன்னு ஜனங்க முணுமுணுத்ததும் ஜன்னலை இன்னும் சின்னதாக்கி 27 குதிரை சக்தியில இன்னொரு ரகம் விட்டாங்க. முதல்ல வந்ததை ஹெச்.டி., அதாவது ஹை டார்க்னு சொல்றாங்க. பின்னாடி வந்தது எல்.டி., லோ டார்க். ரெண்டு சிலிண்டரையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தா ஒரு கம்பெனி பயந்து பயந்து பின்வாங்கினது அப்படியே தெரியும்.

முன் பிரேக்கும் அதே கதைதான். ஜப்பான் ஆர்.டி.க்கு முன்னாடி டிஸ்க். நமக்கு வந்ததுல பழைய ஆர்5 வண்டியோட ஏழு இஞ்ச் டிரம். இந்தியாவுல மோட்டார்சைக்கிளுக்கு டிஸ்க் பிரேக் பரவலானதே 90களோட கடைசியிலதான். அதனால 83ல் டிரம் போட்டதுல ஆச்சரியம் இல்லை. ஆனா அந்த வேகத்துக்கு அந்த பிரேக் பத்தாது. ஆர்.டி.க்கு இருந்த கெட்ட பேருல, அதுல போய் விழுந்து செத்த பையன்களோட கதைகள்ல, இந்த டிரம்முக்கும் ஒரு பங்கு உண்டு.

விற்பனை? படு தோல்வி. 1985ல் இதே எஸ்கார்ட்ஸ் யமஹா ஆர்.எக்ஸ்.100ஐ விட்டாங்க. 98 சிசி, 11 குதிரை சக்தி, எடை கம்மி, செலவும் கம்மி. இன்னொரு பக்கம் இண்ட் சுசுகி, ஹீரோ ஹோண்டா சி.டி.100னு வரிசையா 100 சிசி வண்டிகள். ஹீரோ ஹோண்டா குடுத்த மைலேஜ்ல மூணுல ஒரு பங்கு ஆர்.டி. குடுத்தாலே பெரிய விஷயம். நம்மாளுங்க மனசுல ஆர்.டி.யையும், கையில ஆர்.எக்ஸ்.100ஐயும் வச்சுக்கிட்டாங்க. 1990 வாக்குல ராஜ்தூத் 350யோட கதையை கம்பெனி முடிச்சுட்டுது.

தோத்த வண்டி செத்துப் போயிருக்கணும். ஏன் சாகலைங்கிறதுதான் சுவாரசியமான மேட்டர்.

ஒரு காரணம் பந்தயம். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 50கள்லேர்ந்து சோழவரத்துல, இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளத்துல, பந்தயம் நடத்திட்டிருந்தாங்க. 1990ல் இருங்காட்டுக்கோட்டை டிராக் வர்ற வரைக்கும் அதுதான் களம். 80கள்ல அங்க ஆர்.டி. ஒரு முக்கியமான ஆயுதம். கம்பெனி அடைச்சு வச்ச ஜன்னலை மெட்ராஸ் மெக்கானிக்குங்க அரத்தை வச்சுத் திறந்தாங்க. புது சைலன்சரை அவங்களே தகரத்தை உருட்டி வெல்டிங் வச்சாங்க. படிப்பு இல்ல, கம்ப்யூட்டர் இல்ல. காதால கேட்டு, பிளக் கலரைப் பார்த்து, ஓட்டிப் பார்த்துக் கத்துக்கிட்ட வித்தை. நம்ம அண்ணனும் சின்ன வயசுல அப்படி ஒரு பட்டறையில ஆயில் துடைச்சவர்தான்.

இன்னொரு காரணம் வீடு. பட்டறையில விட்டா எவ்வளவு ஆகும்னு யோசிச்சு, வீட்டு வராண்டாவுலயே பிரிச்சுப் போட்டு, வருஷக்கணக்கா ஒவ்வொரு சாமானா தேடிச் சேர்த்தவங்க. இவங்க இல்லேன்னா பாதி ஆர்.டி. புதுப்பேட்டையில கிலோ கணக்குல போயிருக்கும்.

சரி, வேலைக்கு வருவோம். முயற்சி பண்றவங்களுக்கு உதவும்னு கொஞ்சம் விவரமாவே சொல்றேன்.

காகிதம் முதல்ல, ஸ்பேனர் அப்புறம். ஆர்.சி. புக்குல இருக்கற இஞ்சின் நம்பர், சேஸிஸ் நம்பர் ரெண்டும் வண்டியோட ஒத்துப் போகுதான்னு பாருங்க. பந்தயத்துக்காகவும் ஸ்பேருக்காகவும் மாத்தி மாத்திப் போட்ட வண்டிகள் நிறைய. நம்பர் ஒட்டலேன்னா நீங்க எவ்வளவு அழகா செஞ்சாலும் அது ஷோகேஸ் பொம்மைதான்.

சீல். டூ ஸ்ட்ரோக்ல பெட்ரோலும் காத்தும் முதல்ல கிராங்க் இருக்கற அறைக்குள்ள போய், அங்கேர்ந்துதான் மேல ஏறுது. ஆர்.டி.யில ரெண்டு சிலிண்டருக்கும் தனித்தனி அறை. அதனால கிராங்க் ரெண்டு நுனியிலயும் இருக்கற ஆயில் சீல் வெறும் ரப்பர் வளையம் இல்ல, இஞ்சினோட ஒரு உறுப்பு. நாப்பது வருஷத்துல அது கட்டையா இறுகிப் போயிருக்கும். அண்ணன் பாடம்: "வெள்ளைப் புகை நிக்காம வந்துச்சுன்னா வலது பக்க சீல் போயிடுச்சு தம்பி, கியர்பாக்ஸ் ஆயிலை இஞ்சின் குடிக்குது. அது கூடப் பரவாயில்ல, காட்டிக் குடுத்துடும். இடது பக்கம் போனா புகையே வராது. சும்மா காத்தை இழுத்துட்டே இருக்கும். பெட்ரோல் கம்மியாகி, சூடேறி, ஒரு நாள் எண்பதுல போறப்ப பிஸ்டன் பிடிச்சுக்கும்."

இதைக் கண்டுபிடிக்க அவர் வச்சிருந்த கருவியைப் பார்த்து அசந்துட்டேன். பழைய பி.பி. மிஷின்! கார்பரேட்டர் வாயையும் சைலன்சர் வாயையும் ரப்பரால அடைச்சுட்டு, பிளக் ஓட்டையில டியூபை மாட்டி, டாக்டர் அமுக்கற அதே பல்பை அமுக்கறார். முள் 300ஐத் தொட்டா கிட்டத்தட்ட 6 பி.எஸ்.ஐ. அப்படியே அஞ்சாறு நிமிஷம் இறங்காம நின்னா இஞ்சினுக்கு பி.பி. நார்மல் :-) இறங்கினா சோப்புத் தண்ணியைத் தடவி எங்க குமிழ் வருதுன்னு பாக்கணும். எங்களுக்கு இடது பக்கம் வந்துச்சு.

சீலை மாத்தணும்னா இஞ்சினையே இறக்கியாகணும். நல்ல வேளையா ஆர்.டி. கிராங்க் கேஸ் மேல் கீழாப் பிரியும். தலைகீழாக் கவுத்து, அடிப்பாதியைத் தூக்கினா கிராங்க், கியர்பாக்ஸ் எல்லாம் தட்டுல வச்ச மாதிரி தெரியும்.

போர். பிஸ்டன் அளவு 64 மி.மீ. ஒவ்வொரு ரீபோருக்கும் கால் மில்லிமீட்டர் பெருசாகும். 65 வரைக்கும் போகலாம். அதனால பிஸ்டன் மேல என்ன எண் இருக்குன்னு பார்த்தா வண்டி எத்தனை தடவை செத்துப் பொழைச்சிருக்குன்னு தெரிஞ்சுடும். எங்களுக்குக் கிடைச்சது 0.75. ஒரே ஒரு சான்ஸ்தான் பாக்கி. பிஸ்டனைக் கையில வாங்கின அப்புறம்தான் லேத்துக்குப் போகணும், அளவை வாயால சொல்லி போர் பண்ணச் சொல்லக்கூடாது. போர் முடிஞ்சதும் ஜன்னல் ஓரங்களை லேசா மழுக்கணும். இல்லேன்னா புது ரிங்கு அதுல மாட்டி ஒடையும். 65ம் முடிஞ்சுட்டா புது ஸ்லீவ் போடலாம். ஆனா அந்த ஸ்லீவ்ல ஜன்னலை எந்த அளவுக்கு வெட்டறீங்களோ அதுதான் இனி உங்க வண்டி. எல்.டி. ஹெச்.டி. ஆகறதும், ரெண்டும் இல்லாத மூணாவது ஒண்ணு ஆகறதும் இந்த இடத்துலதான்.

டைமிங். ரெண்டு சிலிண்டருக்கும் தனித்தனி பாயிண்ட். பிளக் ஓட்டையில டயல் கேஜ் வச்சு, பிஸ்டன் உச்சிக்கு 2 மி.மீ. முன்னாடி பாயிண்ட் திறக்கற மாதிரி வைக்கணும். கண் மதிப்பு வேண்டவே வேண்டாம். ஒரு பக்கம் சரியா இருந்து இன்னொரு பக்கம் தள்ளிப் போச்சுன்னா வண்டி ஓடும், ஆனா ஒரு பிஸ்டன் மட்டும் தனியா வெந்துட்டிருக்கும்.

ஆயில் பம்ப். ஆர்.டி.க்கு தனி ஆயில் டேங்க், அதுலேர்ந்து தானா ஆயில் ஊத்தற ஆட்டோலூப் பம்ப். நிறைய பேரு நம்பிக்கை இல்லாம இதைக் கழட்டி எறிஞ்சுட்டு பெட்ரோல்லயே ஆயிலைக் கலக்கறாங்க. பம்ப் நல்லா இருந்தா வச்சுக்கறதுதான் மேல். மாட்டினதும் குழாயில காத்துக் குமிழ் இல்லாம எடுத்துடணும். முதல் டேங்க் மட்டும் பெட்ரோல்லயும் கொஞ்சம் ஆயில் சேர்த்துக்கிட்டா நிம்மதி.

பெட்ரோல். இது அந்தக் காலத்துல இல்லாத தலைவலி. 2025லேர்ந்து நம்ம பங்க்ல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை ஊற வைக்கும். பெரிய ஆபத்து என்னன்னா அதே ஜெட்டுக்கு கலவை நீர்த்துப் போகும். காத்துல குளிர்ற டூ ஸ்ட்ரோக்குக்கு அது எமன். பிளக் வெளுத்து வந்தா மெயின் ஜெட்டை ஒரு அளவு ஏத்துங்க. வண்டியை ரெண்டு வாரம் நிறுத்தப் போறீங்கன்னா கார்பரேட்டரைக் காலி பண்ணிட்டு நிறுத்துங்க.

இவ்வளவும் செஞ்சு முடிச்ச அப்புறம்தான் எங்களுக்குள்ள நிஜமான சண்டை ஆரம்பிச்சுது. நண்பருக்கு முன்னாடி டிஸ்க் பிரேக் வேணும், சத்தம் போடற பந்தய சைலன்சர் வேணும், டேங்க்ல ராஜ்தூத்தை அழிச்சுட்டு யமஹான்னு எழுதணும். "அசல் ஆர்.டி. அதானடா"ங்கறார். இது அவர் ஒருத்தரோட ஆசை இல்ல. நல்லா செஞ்ச ஆர்.டி.கள் நிறைய இப்படித்தான் இருக்கு. இங்க பொறந்து ஏழெட்டு வருஷம் உழைச்ச ராஜ்தூத் 350 மறைஞ்சு, 1973 ஜப்பான் வண்டியோட நகலா ஆகிட்டிருக்கு.

நான் அண்ணனைப் பார்த்தேன். "என்னண்ணே சொல்றீங்க?"

"ஜப்பான் வண்டி ஜப்பான்ல இருக்குது, அமெரிக்காவுல இருக்குது. எப்பவும் யாராவது வச்சிருப்பான். இந்த டிரம் வச்சது எங்க இருக்கும்? இங்க மட்டும்தானே தம்பி?"

என் கட்சியும் அதுதான். அந்த அடைச்ச சைலன்சரும், பத்தாத டிரம்மும், சின்ன ஜன்னலும் குறைகள்தான். ஆனா அந்தக் குறைகள்லதான் 80களோட இந்தியா இருக்கு. வேகத்துக்கு ஆசைப்பட்டு, பெட்ரோல் விலைக்கு பயந்து, ஆசையையும் பயத்தையும் ஒரே வண்டியில ஏத்திப் பார்த்த காலம் அது. அதைத் திருத்தி எழுதினா வண்டி நல்லா ஓடும், வரலாறு நின்னுடும்.

அதே சமயம் உயிரை விட சரித்திரம் பெருசில்ல. தினமும் ஓட்டறவர் டிஸ்க் போட்டா அவரைத் திட்ட மாட்டேன். நான் சொல்றது ஒண்ணுதான்: கழட்டினதை விக்காதீங்க. டிரம், அசல் சைலன்சர், பேட்ஜ் எல்லாத்தையும் கிரீஸ் தடவி, துணியில சுத்தி, வண்டியோடவே வச்சிருங்க. வெட்டறது, வெல்டிங் வைக்கறது வேண்டாம். திரும்ப மாட்ட முடியற மாதிரி மட்டும் மாத்துங்க.

இதுல சட்டமும் ஒண்ணு இருக்கு. 2021ல் வந்த விதிப்படி 50 வருஷம் தாண்டின, அசல் வடிவத்துல இருக்கற, பெரிய மாற்றம் எதுவும் செய்யாத வண்டியைத்தான் விண்டேஜ்னு பதிவு செய்யலாம். முதல் ராஜ்தூத் 350க்கு 50 வயசு ஆகறது 2033ல். இன்னிக்கு நாம அறுத்து எறியற டிரம்தான் அன்னிக்கு அது விண்டேஜா, வெறும் பழைய வண்டியான்னு சொல்லப் போகுது. இன்னொரு கொடுமையும் சொல்றேன். டெல்லியையும் சுத்துவட்டாரத்தையும் சேர்த்து 15 வருஷம் தாண்டின பெட்ரோல் வண்டி ஓடக்கூடாதுன்னு 2018ல் உச்ச நீதிமன்றம் உறுதி செஞ்சுது. அதுக்கப்புறம் தளர்வு, இறுக்கம்னு கேஸ் போயிட்டே இருந்துச்சு. அந்த சுத்துவட்டாரத்துக்குள்ளதான் ஃபரிதாபாத்தும் வருது. பொறந்த ஊர்லயே ஓட முடியாம போன வண்டி, நம்ம ஊரு போர்டிகோக்கள்ல பொழைச்சுக் கிடக்கு.

கடைசியில நண்பர் டிரம்மையே வச்சுக்கிட்டார். லைனிங்கை மட்டும் புதுசா ஒட்டி, லேத்துல டிரம்மை ஒரு சுத்து சமமாக்கினதும் முன்னைக்கு இப்ப நல்லாவே பிடிக்குது. பேட்ஜ் விஷயத்துல இன்னும் பேச்சுவார்த்தை நடந்துட்டிருக்கு :-)

உங்க தெருவுல, மாமா வீட்டு மாடிப்படி அடியில, ஏதாவது ஒரு ஆர்.டி. சாக்கு போத்தித் தூங்கிட்டிருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. விலை கேக்க மாட்டேன். டிரம் இருக்கா, டிஸ்க் இருக்கான்னு மட்டும் கேப்பேன்.

டிஸ்கி: சைலன்சர் கரியை காஸ்டிக் சோடா தண்ணியில ஊற வச்சு எடுக்கறவங்க கையுறை, கண்ணாடி இல்லாம தொடாதீங்க. அலுமினிய சாமான் எதையும் அந்தத் தண்ணியில போட்டுடாதீங்க, அரிச்சே தின்னுடும்.